பட்டியலில் விடுபட்ட பெயர்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்கத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், நண்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "தவறாக நினைக்கக் கூடாது. உங்கள் பையன் பள்ளிக்கூடமே போவதில்லையாமே? வீட்டில் அம்மாதான் பாடம் சொல்கிறார்களாம். படுத்த படுக்கையாக உங்கள் தாயார் வேறு. ஒரு மனுஷியால் இத்தனையும் எப்படி ஐயா முடிகிறது?" என்று வினவினார். ஆண்டவர் பலம் தருகிறார் என்று, எங்கள் சபை மக்கள் வழக்கமாகக் கூறும் விடையைக் கூறிவிட்டு மெல்ல நழுவினோம். அவ்விடை பொய்யன்று, ஆயினும் அதைச் சொல்லுகையில் நமது நாக்குச் சற்றே தடுமாறியது. ஏன் தடுமாறியது என்பதை இவ்விதழில் எழுதிவிடுவதென்று தீர்மானித்து, இல்லத்தரசியாரிடம் அனுமதியும் பெற்றுக்கொண்டோம். "பெயரைப் போடாமல் எழுதுங்கள்" என்பதொன்றே அவர் விதித்த நிபந்தனை.

வங்காள–நாகபுரி ரயில்வே காலந்தொட்டே தென்னாட்டுக் குடும்பங்கள் வந்து வேரூன்றிய ஊர் நமது கரக்பூர். எமது தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து ரயில்வே தொழிற்சாலையில் பணியாற்றி, பணியில் இருக்கையிலேயே காலமானார். மெட்ரிக் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் கடைநிலை வேலை கிடைத்தது. பிறகு இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தா ஆனோம். நமது மேசைக்கு வருபவை வருகைப் பதிவேடுகள், விடுப்புக் கணக்குகள், பணிநேரப் பட்டியல்கள். எந்த ஊழியர் எத்தனை மணி நேரம் உழைத்தார், எவருக்கு வார ஓய்வு கொடுபடவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழிப்பதே நாம் உண்ணும் சோற்றுக்கு வழி. இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. பின்னால் வரும் வெட்கத்துக்கு முன்னுரையாகக் கூறுகிறோம்.

முதலில் பையனின் கதை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடியபோது அவனுக்கு வயது ஐந்து. மேற்கு வங்கத்தில் சிறு பிள்ளைகளின் வகுப்புகள் மீண்டும் திறந்தது 2022 பிப்ரவரியில்தான். அந்த இரண்டாண்டும் தாயாரே அவனுக்கு ஆசிரியை. பள்ளி திறந்த பிறகு அவன் தேறுவான் என்றிருந்தோம், நேர்ந்ததோ வேறு. வாய்க்கணக்கை நொடியில் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்தால் விழித்தான். ஆங்கிலத்தில் பி, டி எழுத்துக்கள் அவன் கண்ணுக்கு இடம் மாறின. தமிழில் கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பது அன்றாடப் போர். பெரிய வகுப்பு, ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. 'மந்தம்' என்று ஒரு சொல் அவன்மேல் விழுந்தது. அச்சொல்லைக் கேட்ட நாள் முதல் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலானான். மருத்துவர் சோதித்து, இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். இது அறிவுக்குறைவு அன்று, எழுத்தை ஒலியாக மாற்றுவதில் உள்ள தடை. நிதானமாகவும் பலமுறையும் கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பித்தால் முன்னேறுவான் என்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடும் சேர்க்கப்பட்டிருப்பதை அன்றுதான் அறிந்தோம். சில ஆண்டுகள் தாமே கற்பிப்பதென்று இல்லத்தரசியார் துணிந்தார். 2023 ஏப்ரலில் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம்.

இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கக்கூடும். ஆகவே சட்ட நிலையை மறைக்காமல் கூறுகிறோம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகவே அதன் 10ஆம் பிரிவில் கூறுகிறது. வீட்டுக்கல்விக்கென்று தனி உரிமம் வழங்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. ஆனால் இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு தனிப்பயிற்சி அளிக்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு கூறுவதால், திரும்பும் கதவு அடைபடவில்லை. அடிக்கடி மாற்றலாகும் ரயில்வேக் குடும்பங்கள் 5ஆம் பிரிவையும் அறிந்திருத்தல் நலம்: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 1989இல் தொடங்கப்பெற்றது. அதன் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஒப்பான மூன்று படிகள் உள்ளன. பதினான்கு வயது நிரம்பியவர் அதன் பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். இன்னொன்று: பிள்ளை பள்ளியில் படிப்பதற்குச் சான்று இல்லையேல் நமக்குரிய குழந்தைக் கல்விப் படி கிடையாது. 2017இல் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பையன் பங்கை இழந்தோம் என்பதை எமது காரியாலயத்தில் நாமே எழுதிக் கொடுத்தோம்.

வீட்டுப் பள்ளி அடுக்களையை ஒட்டிய தாழ்வாரத்தில் நடைபெற்றது. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்வார். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதை நினைத்துக்கொண்டோம். பழைய முறையில் ஏதோ பொருள் இருந்திருக்கிறது. (எழுதி முடித்த ரவை மறுநாள் உப்புமாவானதுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) கணக்குக்கு ரயில்வே கால அட்டவணையே பாடநூல். ஹவுராவில் புறப்பட்ட மெயில் இத்தனை மணிக்குக் கரக்பூர், இத்தனை மணிக்கு விசாகப்பட்டினம், நடுவில் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று கேட்டால் தாளில்லாமலே சொல்வான். ஆறு மாதத்தில் வயிற்றுவலி மறைந்தது. வாசிப்பு மட்டும் நத்தை வேகத்தில் நகர்ந்தது.

2023 அக்டோபரில் எம் அன்னையாருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. மூளையின் இடப்பக்கம் தாக்குண்டால் பலருக்கு வலப்பக்கத்துடன் பேச்சும் தடைப்படும் என்று மருத்துவர்கள் விளக்கினர். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது கூறிய விதிகள் எளியவையாகவே தோன்றின. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல். உணவு புரையேறாதிருக்க நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறுசிறு வாயாக ஊட்டுதல். ஊட்டிய பின்னும் அரைமணி உட்கார வைத்தல். விழுந்த கை கால்களை நாள்தோறும் மடக்கி நீட்டுதல். நாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டோம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்பது இரவுக்கும் சேர்த்துத்தான் என்பது, அதைச் செய்தவருக்குத்தானே தெரியும்? நாம் காலை எட்டரைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் புறப்பட்டு மாலை ஆறரைக்குத் திரும்பி, "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று வாசலிலிருந்தே கேட்கும் மகனாக இருந்தோம்.

இவ்விருளுக்கு நடுவே ஒரு வெளிச்சமும் வந்தது. அன்னையாருக்குத் தண்ணீர் என்ற சொல் வராது. நமது பெயர் வராது. ஆனால் ஒரு மாலை ஜெபத்தில் இல்லத்தரசியார் கீர்த்தனை ஒன்றைத் தொடங்க, படுக்கையிலிருந்து இரண்டாம் அடி, சொல்லும் இராகமுமாக, தெளிவாக எழுந்தது! வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டுத் தமிழ்ச் சபைகள் கீர்த்தனையிலேயே வளர்ந்தவை. எம் அன்னையாருக்கோ அவை பிள்ளைப் பருவத்து மனப்பாடம். மருத்துவரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பேச்சிழந்தோரில் சிலர் பழகிய பாட்டைப் பாடவல்லவர் என்பது நெடுநாளாக அறிந்த செய்தியே என்றும், இராகத்தைக் கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சிமுறையே உண்டு என்றும் கூறினார்.

அன்று முதல் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சியின் அருகில் பையன் அமரலானான். அவர் பாடும் வரிமேல் இவன் விரல் ஓடும். செவியில் ஏற்கெனவே இருந்த சொல்லைக் கண் தேடிக் கண்டுபிடிப்பதால், ரவையில் ஓராண்டு எழுதியும் கைகூடாதது ஆச்சியின் கட்டிலருகே மெல்லக் கைகூடிற்று. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதியதை எங்கள் வீட்டார் அறிவர். பாட்டி நோயாளியாகவும் தாய் ஆசிரியையாகவும் இருந்த அந்த அரைமணி நேரத்தில் இரு பணிகளும் ஒன்றாயின. பார்த்த நாம் மனம் நிறைந்தோம். மனம் நிறைந்ததோடு நின்றோம் என்பதுதான் குற்றம். அந்த அரைமணியைக் கண்டு, மற்ற இருபத்து மூன்றரை மணியும் அவ்வாறே நடக்கிறது என்று எண்ணிவிட்டோம்.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பு. முதல் ஐந்து இடத்துக்குள் வருபவள். ஜூலை மாதத்தில் பதினொரு நாள் வரவில்லை, காரணம் தெரிவிக்கவும் என்று இரண்டே வரி. தவறான முகவரிக்கு வந்துவிட்டது என்று நினைத்தோம். நாள்தோறும் காலையில் நாம் புறப்படுகையில் சீருடையணிந்து, இரட்டைச் சடை பின்னி, வாசலில் நின்று கையசைப்பவள் அவள். கடிதத்தை நீட்டியதும் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அப்பார்வையில் அனைத்தும் விளங்கிற்று. ஆச்சியைக் குளிப்பாட்டித் துணி மாற்ற இருவர் வேண்டும். வேலைக்கு வரும் அம்மையார் வராத நாட்களில், நாம் தெருமுனை திரும்பியதும் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மகள் கைகொடுத்திருக்கிறாள். "இன்று ஒரு நாள் மட்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்" என்றார் இல்லத்தரசியார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊரார் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் பிசகினாலும் கண்டுபிடிக்கும் குமாஸ்தா, சொந்த மகளின் பதினொரு நாளைக் காணவில்லை. பையன் எழுத்துக் கற்க வேண்டுமென்று வீட்டில் ஒரு பள்ளி திறந்தோம். அதன் விலையாக நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணின் பள்ளி மூடத் தொடங்கியிருந்தது. எந்த வீட்டிலும் இப்படித்தான் நடக்கும் போலும்: ஆள் குறைந்தால் முதலில் இழுபடுபவள் மூத்த பெண். அவளும் கேட்காமலே வந்து நிற்பாள். அதை நற்குணம் என்று புகழ்ந்து நாமும் நமது காரியத்தைப் பார்ப்போம்.

அன்றிரவு இல்லத்தரசியாரிடம், ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னால் முறுமுறுப்பு ஆகிவிடாதா? பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் அத்தையைப் பார்ப்பதும் கர்த்தர் எனக்குக் கொடுத்த ஊழியம். முகம் சுளித்தால் அதற்குப் பலன் உண்டா?" என்றார். விவிலிய வழியில் வளர்ந்தவர்க்கு 'முறுமுறுப்பு' எவ்வளவு கனமான சொல் என்பது தெரியும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்த பாவம் அது. உதவி கேட்பதையே முறுமுறுப்பாக எண்ணும் பழக்கம் எங்கள் பெண்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. பதித்தவர்களில் ஆண்களாகிய நாமும் உண்டு. அதனால் நமக்கு வசதியும் உண்டு.

ரயில்வேயில் ஓர் ஊழியரின் வேலை எத்தன்மையது என்பதில் தகராறு வந்தால் பணி ஆய்வு செய்வார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் அவ்வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்து, எத்தனை நிமிடம் செயல், எத்தனை நிமிடம் சும்மா என்று குறிப்பர். நாம் மூன்று நாள் விடுப்பு எடுத்து, கோடிட்ட நோட்டுப் புத்தகத்துடன் வீட்டில் அமர்ந்தோம். இல்லத்தரசியாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. "எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கத்தரிக்காயை நறுக்கலாம்" என்றார். முதல் நாள் நறுக்கவில்லை. ஆய்வாளர் வேலையில் கைவைத்தால் கணக்குக் கெட்டுவிடும் அல்லவா? இரண்டாம் நாள் மனம் கேளாமல் நறுக்கினோம். அதைத் தனியே கழித்தோம்.

எழுபத்திரண்டு மணியில் நாற்பத்தொன்பது மணி நேரம் அவர் வேலையில் இருந்தார். வாரக் கணக்கில் இது 114 மணி. இடைவிடாது உறங்கிய மிக நீண்ட நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். உட்கார்ந்து உண்டது ஒரே ஒரு வேளை.

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில், 130 முதலான பிரிவுகளில், பணிகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள். இடையிடையே ஓய்ந்திருக்கும் வேலையானால் வாரத்துக்கு 75 மணிக்கு மேல் வாங்கக் கூடாது. தொடர் வேலையானால், இரு வாரச் சராசரியில், வாரத்துக்கு 54 மணி. சற்றும் ஓயாது கவனமோ உடலுழைப்போ வேண்டும் கடும் வேலையானால் 45 மணிதான். தொடர் வேலைக்கும் கடும் வேலைக்கும் வாரந்தோறும் முப்பது மணி நேரத்துக்குக் குறையாத தொடர் ஓய்வு கட்டாயம் என்கிறது 133ஆம் பிரிவு. அவ்வோய்வு நாளில் அவ்விடத்தை நிரப்ப 'ரெஸ்ட் கிவர்' என்று ஓர் ஆளை ஏற்பாடு செய்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ரெஸ்ட் கிவர் பதினான்கு வயதுச் சிறுமி. அவளுக்கு ஓய்வு தருபவர் எவருமில்லை. 'வீட்டில்தானே இருக்கிறார், நடுநடுவே ஓய்வு கிடைக்கும்' என்று நாமும் மனத்துக்குள் இல்லத்தரசியாரை முதல் வகையிலேயே வைத்திருந்தோம். எங்கள் வீடு விதிவிலக்கன்று. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகக் கண்டார்கள். பிள்ளைகளையும் முதியோரையும் பேணும் நேரம் அதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு.

ஆய்வின் மூன்றாம் நாள் மாலை ஒரு நிகழ்ச்சி. ஆச்சிக்குக் கேட்கும்படி பையன் யாத்திராகமத்தின் பத்துக் கட்டளைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். ஓய்வுநாள் கட்டளையில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரிசை வருகிறது: நீயும், மகனும், மகளும், வேலைக்காரனும், வேலைக்காரியும், மிருகங்களும், வாசலில் இருக்கும் அந்நியனும். விரலை வைத்து இருமுறை வாசித்துவிட்டு, "அம்மா, மாட்டுக்குக்கூட லீவு இருக்கிறது. உங்கள் பெயர் இதில் இல்லையே?" என்றான். பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளை இவன்! 'நீ' என்பதிலேயே மனைவியும் அடக்கம் என்று வேதம் கற்றோர் விளக்குவர். அதுவே சரியும் ஆகும். ஆனால் அன்று நாங்கள் ஒருவரும் அவ்விளக்கத்தைச் சொல்லவில்லை. மகள் மட்டும், "அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கிடைக்கிறது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இல்லத்தரசியாரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

சபையில் சில சகோதரிகள் அவரைக் கண்டால், நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீயை நினைவூட்டுவதுண்டு. அன்பினால்தான் கூறுகிறார்கள். இருட்டோடே எழுந்து, நூல் நூற்று, நிலம் வாங்கி, எளியவர்க்குக் கைகொடுக்கும் அந்தப் பெண்மணியின் பெருமையை நாமும் மறுக்கவில்லை. அவளிடம் பணிப்பெண்கள் இருந்தார்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் உள்ளது. அவ்வரியை மட்டும் யாரும் நினைவூட்டக் கேட்டதில்லை.

பிறகு, காரியாலயத்துக்குத் தயாரிப்பது போலவே, கட்டம் போட்டு ஒரு பணிப்பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். முதல் வரியில் இல்லத்தரசியாரின் பெயர். அவருக்குரிய ஓய்வு சனி பிற்பகல் 2 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரை. சரியாக முப்பது மணி. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிப் புரட்டல்கள் நமது பொறுப்பு. நான்கு மணியும் விடிகாலையும் அவருடையவை. காலைச் சமையலில் பாதி நம்முடையது. மகளின் பெயருக்கு நேரே மாலையில் ஆச்சிக்குத் தலைவாருதல் மட்டும் எழுதினோம். பள்ளி நாளில் வேறெதுவும் அவளுக்கு இல்லை என்று அடிக்கோடிட்டோம்.

எழுதுவது எளிது. முதல் வாரமே பட்டியல் தடம் புரண்டது. எம் அன்னையார், தம்மைச் சுத்தம் செய்ய மகன் அருகில் வருவதை ஏற்கவில்லை. பேச்சில்லாத அவர் இடக்கையால் போர்வையை இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இடக்கையின் பிடி இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. நம்மைக் குளிப்பாட்டிய கைதான்; ஆனாலும் அவர் மானத்தை அவர் காத்துக்கொள்ள உரிமை உண்டல்லவா? நாம் வெளியே வந்துவிட்டோம். நாகர்கோவிலிலுள்ள எமது தமக்கையாருக்கு எழுதினோம். இதுவரை அவரிடமும் உதவி கேட்டதில்லை. பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவரிடம் பணம் வேண்டாம், இரண்டு மாதம் வந்திருங்கள் அக்கா என்றோம். வந்தார். அவர் திரும்பிய பின் தினமும் காலை நான்கு மணி நேரத்துக்கு நம்பிக்கையான ஓர் ஆயாவை அமர்த்திக்கொண்டோம். அதற்காக நிறுத்தியது என்ன, அடைபடாமல் நிற்கும் கடன் எது என்பதெல்லாம் வேறு கதை. ஆயா வராத நாளில் எதிர்க் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மையார் வந்து கைகொடுக்கிறார். அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டாராம். இல்லத்தரசியார்தான் வேண்டாமென்று மறுத்து வந்தாராம்.

வீட்டுப் பள்ளியும் சுருங்கியது. நாள்தோறும் ஐந்து மணி நேரமாக இருந்ததை இரண்டரை மணியாக்கினார் இல்லத்தரசியார். பையன் பின்தங்குவான் என்று அஞ்சினோம்; பின்தங்கவில்லை. தாய் களைப்பின்றிச் சொல்லும் இரண்டு மணிக்கும், தூக்கக் கண்ணோடு சொல்லும் ஐந்து மணிக்கும் உள்ள வேறுபாட்டை அவனே கண்டிருக்கிறான்: "இப்போதெல்லாம் அம்மா ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பதில்லை" என்றான். சனிக்கிழமைகளில் நமது சங்கத்தின் தமிழ் வகுப்பில் அவனைச் சேர்த்திருக்கிறோம். அங்கு அவன் வயதுப் பிள்ளைகளுடன் பழகுவது, வீட்டில் எவ்வளவு முயன்றும் கொடுக்க முடியாதது. வரும் ஆண்டில் அவனை மீண்டும் பள்ளியில் சேர்ப்பதா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இல்லத்தரசியார் சேர்க்கலாம் என்கிறார், நாம்தான் தயங்குகிறோம். மந்தம் என்ற அந்தச் சொல் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை.

மகளுக்குச் சென்ற ஆண்டின் கடைசி மூன்று மாதங்களிலும் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அதை நாமே பள்ளிக்குச் சென்று பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அவள் அதை அவமானமாகக் கருதி இரண்டு நாள் நம்மிடம் பேசவில்லை.

சென்ற சனிக்கிழமை இரண்டு மணிக்கு இல்லத்தரசியார் குடையை எடுத்துக்கொண்டு, தெலுங்கு அம்மையாருடன் கோல் பஜாருக்குப் புறப்பட்டார். முதன்முதல் ஓய்வளித்த வாரத்தில் தெருக்கோடிவரை போய்விட்டு அரை மணியில் திரும்பி வந்தவர், இப்போது மாலை ஐந்தரைக்குத்தான் வந்தார். கையில் ஒரு கட்டு வளையல், மகளுக்காம். செருப்பைக் கழற்றியதும் கட்டிலருகே சென்று அன்னையாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஓய்வு நேரம் என்பதை மறந்து, நாம் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நாலு மணிக்கு அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டியதை நாலு இருபதுக்குச் செய்திருக்கிறீர்களே?" என்று கேட்டார்.

இருபது நிமிடத் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தருமாறு எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் தட்டெழுதியவர்கள் நாம். பால் பொங்கிவிட்டது என்றோம்.